எண்ணிக்கை இல்லாத தையல்

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"எனக்கு 42 வயது. வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருந்தார். போன வருஷம் இரண்டு கிட்னியும் செயலிழந்துவிட்டது என்று சொன்னார்கள். வாரத்தில் மூன்று நாள் அவரை வேலூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறேன். மற்ற நாட்களில் வீட்டில் பீடி சுற்றுகிறேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது வங்காளத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா பழைய புடவைகளை அடுக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். பாஷை தெரியாவிட்டாலும் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். இப்போது ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு நானும் தைக்கிறேன். சில நாள் மணி ஒன்று, இரண்டு ஆகிவிடுகிறது. தைக்கும்போது மட்டும்தான் நெஞ்சு லேசாக இருக்கிறது. மாமியார், 'ஊட்ல ஒருத்தன் இப்படி கெடக்குறான், நீ வெளக்கு வெச்ச நேரத்துல ஊசியெடுத்துக் கந்தல் தச்சிகினு கீற' என்கிறார். நாத்தனார், 'இதை ஆன்லைனில் நல்ல விலைக்கு வாங்குகிறார்கள், ஆர்டர் எடு' என்கிறாள். விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. சாப்பாடு இறங்கவில்லை. சில நாள் அப்படியே தூங்கி எழுந்திருக்காமல் போய்விட்டால் தேவலாம் என்றிருக்கிறது. அவர் கஷ்டப்படும்போது எனக்கு நிம்மதி வருவது தப்பா? தைத்ததை விற்கலாமா? என் மனசு சரியாகத்தான் இருக்கிறதா?"

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி இருக்கிறது. "எழுந்திருக்காமல் போய்விட்டால் தேவலாம்." முதலில் அதைப் பற்றிப் பேசிவிடுவோம்.

நோயாளியை மாதக்கணக்கில் பார்த்துக்கொள்கிற பெண்களிடம் இந்த வார்த்தையை அடிக்கடி கேட்கிறேன். அதனால் உங்களை விசித்திரமானவர் என்று நினைக்கவில்லை. அடிக்கடி கேட்பதால் இது சாதாரணம் என்றும் சொல்ல மாட்டேன். விடியற்காலையில் முழிப்பு, சாப்பாடு இறங்காதது, செத்துவிட்டால் நல்லது என்ற நினைப்பு, இதெல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை மனச்சோர்வு நோயாகத்தான் பார்க்க வேண்டும். இது உங்கள் குணத்தில் உள்ள குறை இல்லை, தைரியம் பத்தாததும் இல்லை. வைத்தியத்தில் குணமாகக்கூடிய நோய். எவ்வளவு அழகாகத் தைத்தாலும் தையல் மட்டும் இதைச் சரிசெய்யாது. கைவேலையில் எனக்கு நிறைய நம்பிக்கை உண்டு, அந்த நம்பிக்கையோடுதான் இதைச் சொல்கிறேன்.

ஆகவே இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. எப்படியும் வாரத்தில் மூன்று நாள் வேலூர் வருகிறீர்கள். அவரை மிஷினில் படுக்க வைத்தபிறகு ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகும். ஒருநாள் மட்டும் அந்த நேரத்துக்கு அவர் பக்கத்தில் இருக்க நாத்தனாரை வரச் சொல்லுங்கள். ஆன்லைனில் விற்றுத் தருவதைவிட அவர் உங்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். மருத்துவரிடம் போகும்போது ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடச் சொல்லுங்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் அது ரத்தசோகை. உங்கள் வயதில், சரியாகச் சாப்பிடாத நிலையில், சோர்வின் ஒரு பங்கு அங்கிருந்தும் வரலாம்.

மாத்திரை கொடுத்தால் பயப்பட வேண்டாம். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும். ஒரு வாரம் போட்டுவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். ராத்திரி அவரைக் கவனிக்க எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு ஏற்றபடி மருந்தையும் நேரத்தையும் அவர் பார்த்துக் கொடுப்பார்.

அதுவரைக்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். மூன்று மணிக்கு முழிப்பு வரும்போது கூப்பிட்டாலும் எடுப்பார்கள். "போய்விட்டால் தேவலாம்" என்பது "எப்படிப் போகலாம்" என்று யோசிக்கும் அளவுக்கு வந்துவிட்டால், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாயைத் திறந்து சொல்லிவிட்டு, துணையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். 108-ஐக் கூப்பிட்டாலும் சரி. வீட்டில் அவருடைய மாத்திரைகள் நிறைய இருக்கும். அந்தப் பெட்டியை இப்போதைக்கு மாமியாரோ நாத்தனாரோ வைத்துக்கொள்ளட்டும்.

சரி, இப்போது தையலுக்கு வருகிறேன்.

அவர் கஷ்டப்படும்போது உங்களுக்கு நிம்மதி வருவது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பே இல்லை. அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் குற்ற உணர்ச்சி பாதி குறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

டயாலிசிஸ் எப்படிப்பட்ட வைத்தியம் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு மிஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. நாளை மறுநாள் அதே கழிவும் நீரும் திரும்பச் சேர்ந்துவிடுகிறது. மறுபடியும் பஸ், மறுபடியும் வரிசை, மறுபடியும் நாலு மணி நேரம். அவர் உயிரோடிருப்பதே அதனால்தான் என்றாலும், செய்த வேலை எங்கும் சேர்ந்து நிற்பதில்லை. வீட்டு வேலையும் அப்படித்தான், கழுவிய பாத்திரம் சாயங்காலம் அழுக்காகிவிடும். உங்கள் நாள் முழுக்கச் செய்ததையே திரும்பச் செய்வதில் போகிறது. ஓட்டுத் தையல் அப்படி இல்லை. நேற்று ராத்திரி போட்ட வரிசை இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் இன்றைய வரிசை போகிறது. உங்கள் உழைப்பு கரையாமல் சேருகிற ஒரே இடம் இப்போதைக்கு அந்தத் துணிதான். அதைத் தொடும்போது நெஞ்சு லேசாகாமல் எப்படி இருக்கும்?

இன்னொன்று, கவலை நம் மனத்தில் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடும். கிரியாட்டினின் எவ்வளவு, மகளுக்கு ஃபீஸ் எப்படிக் கட்டுவது, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது. அப்படி ஓட அதற்கு நம் கவனம் மொத்தமும் வேண்டும். ஊசியை உள்ளே விட்டு வெளியே எடுக்கும் வேலை அந்தக் கவனத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. மூளையைக் களைப்பாக்கும் அளவுக்குக் கடினமும் இல்லை, மனம் அலையும் அளவுக்குச் சுலபமும் இல்லை. 2020-இல் வெளியான ஒரு பன்னாட்டுக் கணக்கெடுப்பில் குரோஷா பின்னும் 8,391 பேரைக் கேட்டார்கள். அவர்களில் 89.5 சதவீதம் பேர் பின்னும்போது மனம் அமைதியாகிறது என்று சொன்னார்கள். பிடித்துச் செய்கிறவர்கள்தான் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதுவார்கள், ஆகவே இதை வைத்து நோய் தீரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்கு நடப்பது உங்களுக்கு மட்டும் நடக்கிற விசித்திரம் இல்லை என்பதற்கு இது போதும்.

இங்கே உங்களுக்கே ஒரு சந்தேகம் வரலாம். பகல் முழுக்கப் பீடி சுற்றுகிறேனே, அதுவும் கையால் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைதானே, அது ஏன் நிம்மதி தரவில்லை?

என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்துக்கான முழுப் பதிலும் இதில்தான் இருக்கிறது. பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. விரல் இலையைச் சுருட்டினாலும் மனம் எண்ணிக்கையில்தான் இருக்கும். சரியாக இல்லை என்று எத்தனை கழிப்பார்களோ என்ற பயம் வேறு. நம் வடாற்காடு பக்கத்தில் பெண்களின் கை என்றைக்குமே சும்மா இருந்ததில்லை. குடியாத்தத்தில் கைலித் தறிக்குத் தார் சுற்றியிருக்கிறார்கள், தீப்பெட்டி ஒட்டியிருக்கிறார்கள், ஆரணியில் பட்டுத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆம்பூர், பேரணாம்பட்டில் ஷூவுக்கு மேல்தோல் தைத்திருக்கிறார்கள். அத்தனையும் யாரோ எண்ணி, யாரோ விலை வைத்து, யாரோ நல்லது கெட்டது பார்த்த வேலை. நீங்கள் ராத்திரி தைப்பதை யாரும் எண்ணுவதில்லை. கோணலாகப் போனால் கழிப்பதற்கு ஆள் இல்லை. எந்த நிறம், எங்கே திரும்புவது, எப்போது நிறுத்துவது எல்லாமே உங்கள் இஷ்டம். ஒரு நாளில் உங்கள் இஷ்டப்படி நடப்பது வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்த வங்காளத்து அம்மா உங்களுக்குத் தையலோடு சேர்த்து அதையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் கற்றுக்கொடுத்ததைக் காந்தா என்பார்கள். நைந்த நூல் புடவைகளை அடுக்கி, பழைய புடவைக் கரையிலிருந்தே உருவிய நூலால் ஓட்டுத் தையல் போடுவது வங்காளத்தில் பாட்டி காலத்து வழக்கம். வைத்தியத்துக்காக வேலூர் வந்து, காந்தி ரோடு லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்கியிருக்கும் வங்காளக் குடும்பங்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்களுக்கும் காத்திருப்பதுதான் பெரிய வேலை. பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தையைக் கிடத்தப் பழைய புடவையை மடித்துத் தைக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. உங்கள் மாமியாரே தைத்திருப்பார். கேட்டுப் பாருங்கள்.

மாமியாரைப் பற்றி எழுதும்போது உங்கள் எழுத்தில் கோபம் தெரிகிறது, அது நியாயம்தான். ஆனால் அவர் சொன்னதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, விளக்கு வைத்தபின் ஊசி எடுக்கக் கூடாது என்பது. இது பழைய நம்பிக்கை, அதில் வாதம் செய்து பிரயோஜனம் இல்லை. ஆனால் ராத்திரித் தையல் வேண்டாம் என்பதை வேறு காரணத்துக்காக நானும் சொல்வேன். ஒரு மணி வரை தைத்து, மூன்று மணிக்கு முழித்தால் இரண்டு மணி நேரத் தூக்கம்தான் மிஞ்சுகிறது. தூக்கம் குறையக் குறைய மனச்சோர்வு கூடும், கூடக் கூடத் தூக்கம் போகும். தையல் கொடுக்கும் நிம்மதியைத் தூக்கமின்மை வட்டியோடு பறித்துக்கொள்ளும். பத்து மணிக்கு மேல் ஊசி வேண்டாம். விடியற்காலை முழிப்பு வந்தால் பாயிலேயே புரண்டு கொண்டிருக்காமல் எழுந்து உட்காருங்கள், ஆனால் தையலை எடுக்காதீர்கள். மூன்று மணிக்கு எழுந்தால் தைக்கலாம் என்று உடம்பு பழகிவிடும்.

இன்னொன்று, "ஊட்ல ஒருத்தன் இப்படி கெடக்குறான்" என்பது. அந்த ஒருத்தன் அவர் பெற்ற பிள்ளை. அவருக்கும் உள்ளுக்குள் எரிகிறது, எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் உங்களைப் பிடித்துக்கொள்கிறார். பகலில், அவர் கண்ணெதிரே, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தையுங்கள். "அத்தை, உங்க பழைய நூல் புடவை ஏதாவது இருந்தா குடுங்க, அடியில ஒரு அடுக்கு வைக்கணும்" என்று கேளுங்கள். கொடுத்தால் சந்தோஷம். கொடுக்காவிட்டாலும் கேட்டது அவருக்குள் ஏதாவது செய்யும். முகம் பார்த்துப் பேச வராத பேச்சு, பக்கத்தில் உட்கார்ந்து கையில் ஏதோ வேலை இருக்கும்போது தானாக வரும். ஆலோசனைக்கு வருகிறவர்கள் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே மிக முக்கியமானதைச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அவர் உங்களோடு சேர்ந்து தைக்க ஆரம்பித்துவிடுவார் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. திட்டிக்கொண்டேயிருந்தாலும் நீங்கள் தைக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

எவ்வளவு நேரம் தைப்பது என்று கேட்டால், ஒரு நாளைக்கு அரைமணி, அதிகம் போனால் முக்கால் மணி என்பேன். காரணம் உங்கள் கைதான். பீடி சுற்றும் அதே கட்டைவிரல், அதே ஆட்காட்டி விரல், அதே குனிந்த கழுத்து. காலையில் விரல் மடக்கினால் மாட்டிக்கொண்டு 'டக்'கென்று விடுபட்டாலோ, ராத்திரி கை மரத்துப்போனாலோ சில நாள் தையலை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரிவது குறையும். ஊசியில் நூல் கோக்கக் கையை நீட்ட வேண்டியிருந்தால் கண்ணாடி தேவைப்படுகிறது என்று அர்த்தம்.

பீடித் தூள் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் துணியைத் தொட வேண்டும். துணியில் புகையிலை ஏறிவிடும் என்பது ஒரு காரணம். அந்தக் கை கழுவும் நேரத்தில் கூலி வேலை முடிந்தது, இனி என் நேரம் என்று மனத்துக்கும் தெரியட்டும். பெரிய விரிப்பை மடியில் போட்டுக்கொண்டு வேலூர் மே மாதத்தில் உட்கார முடியாது, வெந்துவிடுவீர்கள். ஒரு முழச் சதுரமாகத் தனித்தனியாகத் தைத்து வைத்துக்கொண்டு ஐப்பசி, கார்த்திகையில் இணைத்துக்கொள்ளலாம். சின்னதாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கும் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

ஊசி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள், சாதாரணக் கீறலும் அன்றைக்கு நேரம் கழித்துத்தான் நிற்கும். அவருக்குத் தொற்று வருவதும் சுலபம். ஊசி போடுகிற ரத்தக்குழாய் இருக்கும் கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரே ஒரு ஊசி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மூடி போட்ட டப்பா, எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பது. அவர் படுக்கையின் மேல் உட்கார்ந்து தைக்கவே வேண்டாம்.

கடைசியாக விற்பனை. வீட்டில் ஒரு சம்பளம் நின்றுபோயிருக்கிறது. பணம் பெரிதல்ல என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. டயாலிசிஸ் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் பயன்படுத்துகிறீர்களா என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. இதுவரை இல்லையென்றால், விற்பனையைப் பற்றி யோசிக்கும் முன் ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மேஜையில் விசாரியுங்கள். ஒரு விரிப்பு விற்று வரும் காசைவிட அது பெரியது.

ஆர்டர் எடுப்பது எனக்குச் சம்மதமில்லை. கட்டிலளவு விரிப்பு ஒன்றை நெருக்கமாகக் கையால் தைக்க, தினம் அரைமணி என்றால் மாதக்கணக்கில் ஆகும். அதற்குக் கிடைக்கும் விலையை மணிக்கணக்கில் பிரித்துப் பாருங்கள். கூலிக் கணக்கு உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேதி வைத்து, நிறம் சொல்லி, "தையல் கோணல், காசைக் குறை" என்று ஒருவர் பேச ஆரம்பித்தால் அதுவும் இன்னொரு பீடி முறமாகிவிடும். இந்த ஆறு மாதத்துக்காவது அதை யார் கையிலும் கொடுக்காதீர்கள். கையில் தொழில் இருக்கிறது, காசு வேண்டும் என்றால் அக்கம்பக்கத்தில் புடவைக்கு ஃபால்ஸ் வைத்துக் கொடுங்கள், ஓரம் அடித்துக் கொடுங்கள், குஞ்சம் கட்டிக் கொடுங்கள். ஒரே நாளில் முடியும், கையோடு காசு வரும், பேரம் பேசினால் உங்களுக்கு வலிக்காது. மாத்திரை வேலை செய்து, தூக்கம் திரும்பி, சாப்பாடு இறங்க ஆரம்பித்த பிறகு, நீங்களாகவே தைத்து முடித்த ஒன்றை விற்கத் தோன்றினால் விற்கலாம். முன்பணம் வாங்காதீர்கள். நாத்தனார் மறுபடி கேட்டால், இப்போதைக்கு ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று ஆலோசகர் சொன்னதாக என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். கூடவே ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார எந்த நாள் வர முடியும் என்றும் கேட்டு, அந்த நாளிலேயே மருத்துவரிடம் போய் வாருங்கள்.